காலி எடை: சிலிண்டர் குறிப்புகள்

சமையல் கேஸ் சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உட்பக்கம் இரண்டு விவரங்கள் பெயின்டில் எழுதியிருக்கும். பி-27, டி-28 என்பது போல ஓர் எழுத்தும் ஆண்டும் ஒன்று. சிலிண்டர் அடுத்து எப்போது சோதனைக்குப் போக வேண்டும் என்பதற்கான குறி அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். உள்ளே இருக்கும் கேஸ் காலாவதியாகும் தேதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. கேஸ் கெட்டுப்போகாது. கெடு வைத்திருப்பது இரும்புக்குத்தான்.

இரண்டாவது விவரம் 15.4, 16.1 என்பது போல வெறும் எண். காலி சிலிண்டரின் எடை. இதைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் அனுப்புவதில்லை. கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வீட்டுக்குத் தேவையானதில் பாதி அந்த எண்ணில் இருக்கிறது. மீதிப் பாதி ஒரு தராசு.

*

எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். உண்மையில் தெரிய வேண்டியது, அடுத்த சிலிண்டர் வந்து சேரும்வரை இது தாங்குமா என்பது.

இரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஒன்று தீர்ந்தால் மற்றதை மாட்டி, அன்றைக்கே புக் பண்ணிவிட்டால் முடிந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்பேன். ஒரே ஒரு பழக்கம் போதும்: மாற்றிய கையோடு புக் பண்ணுவது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டாவது சிலிண்டர் இருந்தும் பயனில்லை.

ஒத்தச் சிலிண்டர் வீடுகள்தான் அல்லாடுகின்றன. தமிழ்நாட்டில் 2006-க்குப் பின் வந்த இலவச கேஸ் அடுப்புத் திட்டத்திலும், 2016-ல் தொடங்கிய உஜ்வலாவிலும் இணைப்பு வாங்கிய குடும்பங்களில் எத்தனையோ இன்னும் அந்த ஒரே சிலிண்டரோடுதான் இருக்கின்றன. இன்னொன்று வாங்கலாம். ஆனால் 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 2022 ஜூனில் 1,450 ரூபாயிலிருந்து 2,200 ஆகிவிட்டது. நிரப்பும் விலை தனி. 2025 ஏப்ரலில் சென்னையில் அது 868 ரூபாய் 50 காசு.

தினக்கூலி வீட்டில் இந்தப் பணம் நினைத்த நேரத்தில் கையில் இருக்காது. வாரச் சம்பளத்தில் இருநூறு, முந்நூறாக எடுத்து வைக்க வேண்டும். கேஸ் தீரப்போகிறது என்பது பத்து நாள் முன்னால் தெரிந்தால் எடுத்து வைக்கலாம். அன்றைக்குக் காலையில் தெரிந்தால் கடன்தான். அளவு தெரிந்துகொள்வதை வசதியானவர்களின் பொழுதுபோக்குப் போலப் பேசுகிறவர்களிடம் எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. இருப்பு தெரிய வேண்டிய அவசியம் இல்லாத வீட்டுக்குத்தான் விலை உயர்ந்த கருவியை விற்கிறார்கள்.

*

ஈரத்துணி வைத்தியம். எல்லா வீட்டிலும் ஒரு பெரியம்மாவுக்குத் தெரியும்.

பழைய துண்டை நன்றாக நனைத்துச் சிலிண்டரைச் சுற்றிலும் மேலிருந்து கீழ்வரை துடைக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். மேல் பகுதி முதலில் காயும். கீழே ஈரம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே, சில நேரம் தெளிவாக, சில நேரம் மங்கலாக, ஒரு கோடு விழும். அந்தக் கோடு வரைக்கும் திரவம்.

இது மூடநம்பிக்கை இல்லை. கேஸ் உள்ளே திரவமாக இருக்கிறது. அடுப்பு எரியும்போது திரவம் ஆவியாகி மேலே வருகிறது, ஆவியாகும்போது குளிர்கிறது. திரவத்தை ஒட்டிய இரும்பு குளிர்ச்சியாகவே இருப்பதால் அங்கே தண்ணீர் காயத் தாமதமாகிறது. மேலே ஆவி மட்டும் இருக்கும் இடம் சீக்கிரம் சூடேறிக் காய்ந்துவிடுகிறது. அதனால் இட்லி ஊற்றி, குழம்பு வைத்து, அடுப்பு நன்றாக எரிந்து முடித்த உடனே துடைத்துப் பார்த்தால் கோடு தெளியும். காலையில் எழுந்ததும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுந்த நாளில் துணியே வேண்டாம், நீண்ட சமையலுக்குப் பிறகு சிலிண்டரின் கீழ்ப்பாதி தானாகவே வியர்த்திருக்கும்.

குறை என்னவென்றால், கோடு உயரத்தைச் சொல்லும், கிலோவைச் சொல்லாது. சிலிண்டரின் அடி உருண்டை. கடைசி நாலு விரல் உயரத்தில் இருக்கும் கேஸ், நடுவில் நாலு விரல் உயரத்தில் இருப்பதைவிடக் குறைவு. நமக்குத் துல்லியம் வேண்டியது கடைசியில்தான். துணி அங்கேதான் கைவிடுகிறது.

வெந்நீர் ஊற்றினால் நிறம் மாறும் காந்தப் பட்டை ஒன்று விற்கிறது. அதுவும் இதே வித்தைதான். துண்டு வீட்டில் இருக்கும்போது அது எதற்கு?

*

முள் வைத்த கருவி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

வீடு வீடாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். சிலிண்டருக்கும் டியூபுக்கும் இடையில் மாட்டும் பித்தளைச் சாதனம். மேலே கடிகாரம் போல வட்டம். பச்சை, மஞ்சள், சிவப்பு. "பச்சையில முள் இருந்தா கேஸ் ஃபுல்லு, சிவப்புக்கு வந்தா புக் பண்ணிடுங்கக்கா" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவர்கள் பலர் சொல்வது ஒன்றே: முள் ஒரு மாதத்துக்கு மேலாகப் பச்சையிலேயே நின்றது, பிறகு அடுப்பு அணைந்த அன்றைக்குத்தான் விழுந்தது.

கருவி பழுது என்று அவர்கள் நினைக்கிறார்கள். பழுது இல்லை. அது அழுத்தத்தைச் சரியாகத்தான் அளக்கிறது. அழுத்தத்துக்கும் இருப்புக்கும் தொடர்பு இல்லை, அவ்வளவுதான். புதுச் சிலிண்டரில் ஏறக்குறைய 25 லிட்டர் திரவம் இருக்கும். அது 20 லிட்டரானாலும், 2 லிட்டரானாலும், மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் பெரிதாக மாறாது. எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தத்தை முடிவு செய்வது முக்கியமாக வெப்பநிலை. சித்திரை மத்தியானத்தில் பாதிக் காலியான சிலிண்டரில் இருக்கும் அழுத்தம், மார்கழி விடியலில் நிறைந்த சிலிண்டரில் இருப்பதைவிட அதிகம். அந்த முள் காட்டுவது பெரும்பாலும் சமையலறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத்தான். திரவம் முழுக்கத் தீர்ந்து ஆவி மட்டும் மிஞ்சும்போதுதான் அழுத்தம் சரியும். அதற்குப் பின் தோசை வார்த்து முடிக்கவும் நேரம் இருக்காது.

காற்றடைத்த டயருக்கு இந்த முள் சரி. திரவம் இருக்கும் சிலிண்டருக்கு இல்லை. விற்க வருகிறவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். அவரும் பிழைப்புக்காகத்தான் வெயிலில் அலைகிறார். ஆனால் வாங்க வேண்டாம். அளவு காட்டாது என்பதைவிட முக்கியமான காரணம், வால்வுக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு கூடுதல் இணைப்பு வந்தால் கசியக்கூடிய இடமும் ஒன்று கூடுகிறது. ஏஜென்சி கொடுத்த ரெகுலேட்டர் நேராக வால்வில் உட்கார வேண்டும். நடுவில் யாரும் வரக்கூடாது.

*

குன்னூரில் இருக்கும் சித்தி ஒரு நாள் போனில் கேட்டது: "சிலிண்டரைத் தூக்கினா கனமாத்தான் இருக்கு. அடுப்பு மட்டும் ஏத்தினா மினுக்கு மினுக்குன்னு எரியுது. என்னடா அது?"

நம் ஊர் சமையல் கேஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. சமவெளியில் இந்த வித்தியாசம் நமக்குப் படுவதே இல்லை. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி விடியலில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைத்திருந்தால் அதே குளிர் அதற்கும். மேலும், கலவையில் சுலபமாக ஆவியாகும் புரொப்பேன் முன்னாலேயே கூடுதலாகப் போய்விடும். தீரும் நேரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது அந்தக் குளிரில் ஆவியாக மறுக்கும். ஆக, அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டருக்குள் திரவம் இருக்கிறது.

தீர்ந்துவிட்டது என்று அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தால் காசு கொடுத்து வாங்கிய கேஸும் சேர்ந்து போகிறது. 2025 ஏப்ரல் விலையில் கிலோ ஒன்றுக்கு 61 ரூபாய்க் கணக்கு. மலையில் இருப்பவர்கள் ஜுவாலை மங்குவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மத்தியானம் வெயில் ஏறியதும் மறுபடி பற்றவைத்துப் பார்க்க வேண்டும், எடை போட்டும் பார்க்க வேண்டும். சித்தியிடம் இதைச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன்: வெந்நீர் அண்டாவில் சிலிண்டரை இறக்குவது, கீழே தணல் வைப்பது, படுக்கப் போடுவது எதையும் யார் சொன்னாலும் செய்யாதே.

*

படுக்கப் போடுவது பற்றி. கடைசிக் கொஞ்சத்தை வாங்கிவிட வேண்டும் என்று சிலிண்டரைச் சாய்த்தோ படுக்க வைத்தோ எரிப்பதை டீக்கடைகளில் பார்த்திருக்கிறேன். ஆவி போக வேண்டிய வழியில் திரவம் போகும். திரவம் வெளியே வந்தால் பல மடங்கு விரிந்து ஆவியாகும், ஜுவாலை எகிறும். பத்து ரூபாய்க் கேஸுக்காக இது வேண்டாம்.

*

ஜுவாலை மஞ்சளாகிவிட்டது, கேஸ் தீரப்போகிறது என்பார்கள். மஞ்சள் பெரும்பாலும் பர்னரில் அடைத்திருக்கும் பொங்கிய பாலின் வேலை. பர்னரைக் கழுவிக் காயவைத்து மாட்டிப் பார்த்த பிறகு பேசலாம்.

வாடை விஷயம் வேறு. கேஸுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்க்கிறார்கள். அது கொதிப்பது 35 டிகிரியில். கேஸைவிடத் தாமதமாக ஆவியாவதால் கடைசித் திரவத்தில் அதன் பங்கு கூடிக்கொண்டே வரும். தீரும் தறுவாயில் வாடை தூக்கலாக வருவது இதனால். ஆனால் வாடை வந்தால் முதலில் கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிட வேண்டும். தீரப்போகிறது போல என்று யூகித்துக்கொண்டு நின்றுவிடக் கூடாது.

*

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளில் தோட்டத்தில் வெள்ளையாக ஒரு பெரிய தொட்டி படுத்திருக்கும். அதில் புரொப்பேன். அடுப்புக்கு மட்டும் இல்லை, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவும் அதுதான். 500 காலன் தொட்டியில் 400 வரைதான் நிரப்புவார்கள்; வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். உள்ளே ஒரு மிதவை. மிதவை ஏறி இறங்க, அதனோடு இணைந்த காந்தம் வெளியே இருக்கும் முள்ளைத் திருப்பும். மூடியைத் திறந்து பார்த்தால் நூற்றுக்கு இத்தனை என்று தெரியும். அந்த முள்ளைப் படித்து போனுக்கு அனுப்பும் சென்சார்களும் வந்துவிட்டன. அங்கே பனிப்புயலில் லாரி வர முடியாமல் போனால் வீடு உறைந்துவிடும், அதனால் 30-ஐத் தொட்டாலே ஆர்டர் கொடுக்கிறார்கள்.

அந்தத் தொட்டி ஒரே இடத்தில் இருக்கிறது. நம் சிலிண்டர் லாரியிலிருந்து தொப்பென்று இறங்கி, தெருவில் உருண்டு, மாடிப்படியில் தோளில் ஏறி, மறுபடி ஆலைக்குப் போய் நிரம்பி வருகிறது. உள்ளே மிதவை வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

*

இந்தியாவில் இண்டேனின் முதல் இணைப்பு 1965 அக்டோபர் 22 அன்று கொல்கத்தாவில் கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து பார்த்தால் புக் பண்ணும் முறை எவ்வளவோ மாறிவிட்டது. கேஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏஜென்சி வாசலில் நின்றோம், பிறகு போன், பிறகு எண்ணை அழுத்தும் குரல், மிஸ்டு கால், வாட்ஸ்அப். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர் கண்ணால் பார்ப்பதற்கான வழி மட்டும் இண்டேனில் 2021 வரை வரவில்லை. அந்த ஆண்டு இண்டேன் கலப்புப் பொருள் சிலிண்டரை, காம்போசிட் என்று சொல்கிறார்களே அதை, 5 கிலோவிலும் 10 கிலோவிலும் கொண்டுவந்தது. உள்ளே பிளாஸ்டிக், அதன் மேல் கண்ணாடி இழைச் சுற்று, வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் திரவ மட்டம் நிழலாகத் தெரியும். இரும்பைவிட எடை பாதிதான், துருவும் பிடிக்காது. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இது நல்லது. கனம் குறைவு என்பதற்காகவே வாங்கலாம். டெபாசிட் அதிகம், எல்லா ஏஜென்சியிலும் கிடைப்பதும் இல்லை. 10 கிலோ என்பதால் அடிக்கடி புக் பண்ண வேண்டும்.

*

ஒலியலையால் மட்டம் பார்க்கும் பேனா போன்ற கருவி உண்டு. சிலிண்டரின் பக்கவாட்டில் வைத்து மேலும் கீழும் நகர்த்தினால், திரவம் இருக்கும் இடத்தில் ஒரு விளக்கு, இல்லாத இடத்தில் இன்னொரு விளக்கு. வேலை செய்யும். ஈரத்துணி சொல்வதையே இன்னும் தெளிவாகச் சொல்லும், அதே உருண்டை அடிச் சிக்கலோடு.

சிலிண்டருக்கு அடியில் வைத்துவிடும் தராசுத் தட்டு, ப்ளூடூத்தில் போனுக்குச் சொல்வது, கொள்கை அளவில் சரியான கருவி. எடையை அளக்கிறது அல்லவா. பணம் இருப்பவர்கள், ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்காக வெளியூரிலிருந்து பார்க்க நினைக்கும் பிள்ளைகள், வாங்கலாம். பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும். பிளக் மாட்டும் எதையும் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

*

எடை.

திரவம் வெயிலில் விரியும், மட்டம் ஏறும், எடை ஏறாது. குளிரில் அழுத்தம் விழும், எடை விழாது. அடி உருண்டையாக இருந்தாலும் எடைக்குக் கவலை இல்லை. மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் உள்ளே இருப்பது. இதைவிட நேர்மையான கணக்கு சமையலறையில் வேறு கிடையாது.

தூக்குத் தராசு ஒன்று போதும். பழைய பேப்பர்காரர் கையில் வைத்திருக்கும் கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு, அது 50 கிலோ வரை காட்டும் வகையாக இருந்தால் சரி. எங்கள் தெருவில் பேப்பர் எடுக்க வருகிற அண்ணன் கேட்டால் போட்டுக் கொடுப்பார். கனத்த கயிற்றை மேல் வளையத்தில் கோத்து, கொக்கியில் மாட்டி, இரண்டு பேர் ஒரு கழியில் தூக்கினால் இரண்டு நிமிட வேலை. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுப் போட வேண்டும். டியூப் இழுத்துக்கொண்டிருந்தால் எண் பொய்யாகிவிடும்.

தூக்க ஆள் இல்லாத வீட்டில், நாம் ஏறி நின்று எடை பார்க்கும் தட்டையான தராசு உதவும். அதில் ஒரு சிக்கல்: சிலிண்டரை வைத்ததும் எண் தெரியும் இடம் அடியில் மறைந்துவிடும். ஒரு சின்னப் பலகையை, எண் தெரியும் இடத்தை விட்டுத் தள்ளி, தராசின் மேல் வைத்து அதன் மேல் சிலிண்டரை நிறுத்தினால் தெரியும். பலகை ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் அழுத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும், பலகையின் எடையையும் கழிக்க வேண்டும். சிலிண்டரைத் தூக்கவே வேண்டாம். வளையத்தைப் பிடித்து லேசாகச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டி ஏற்றலாம். பார்த்து முடித்ததும் இறக்கிவிட வேண்டும். இந்தத் தராசுகள் பல, சில நொடியில் தூங்கிவிட்டு, மறுபடி விழிக்கும்போது மேலே இருப்பதையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்.

இனி கணக்கு. ஒரு சிலிண்டர் 40 நாள் வரும் வீட்டில் ஒரு நாளைக்கு 355 கிராம் செலவாகிறது. புக் பண்ணி நாலு நாளில் வரும் என்றால் அதற்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். விருந்தாளி, பண்டிகை, மழை என்று ஒரு கிலோ கூடுதல். ஆக இரண்டரைக் கிலோ மிஞ்சும்போது புக் பண்ண வேண்டும். காலி எடை 15.8 என்றால் தராசு 18.3 காட்டும் நாள். சிலிண்டர் வந்த அன்றே இந்த 18.3-ஐச் சாக்பீஸால் சிலிண்டரின் மேலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த சிலிண்டருக்குக் காலி எடை வேறாக இருக்கும், எண்ணும் மாறும். 25 நாளில் தீர்க்கும் பெரிய குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 570 கிராம் ஆகும். அவர்கள் மூன்றரைக் கிலோவிலேயே புக் பண்ண வேண்டும்.

தினமும் போடத் தேவையில்லை. மாட்டிய தேதியைத் தினசரி காலண்டரில் குறித்து வைத்திருந்தால், பாதி நாள் கடந்த பிறகு வாரம் ஒரு முறை போதும். காலண்டர் குறி தனியாக ஏமாற்றும். மார்கழியில் குளிக்க வெந்நீர் போட்டால், தீபாவளிக்கு முறுக்கு சுட்டால், கணக்கு ஒரு வாரம் முன்னால் ஓடிவிடும். எடை அதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

*

பக்கத்து வீட்டு அக்கா கேஸ்காரரிடம் பேசியது. மூன்றாவது மாடி.

"அண்ணே, ஒரு தடவை எடை போட்டுக் காட்டுங்கண்ணே."

"தராசு வண்டியில இருக்கும்மா. இதைத் தூக்கிட்டு மேல வந்ததே பெருசு. சீல் இருக்கில்ல, நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாமக் கேக்கலண்ணே. வந்தப்போ எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதி வச்சாத்தான் எப்பத் தீரும்னு எனக்குத் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கிப் போய்த் தராசை எடுத்து வந்தார். 30.1. பட்டையில் இருந்த காலி எடை 15.9. சரியாக 14.2.

கொண்டுவருகிறவர் தராசு வைத்திருக்க வேண்டும், கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் 30 கிலோவைத் தோளில் வைத்து மாடி மாடியாக ஏறுகிறவரிடம் அதைச் சந்தேகமாகக் கேட்பது வேறு, காரணம் சொல்லிக் கேட்பது வேறு. முடிந்தால் வண்டி வந்து நிற்கும்போதே கீழே இறங்கிப்போய், ஏற்றும் முன் போட்டுப் பார்த்துவிடலாம். அவருக்கு ஒரு நடை மிச்சம்.

*

மழைக்காலக் குறிப்பு. சிலிண்டர் நிறைந்திருந்தாலும் தண்ணீரில் மிதக்கும். கொள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று மேல். இரும்பையும் சேர்த்தால் 35 லிட்டர் தண்ணீரைத் தள்ளும். எடையோ 30 கிலோ. 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் புகுந்த தெருக்களை நினைத்துப் பார்த்தால் இது ஏட்டுக் கணக்கு இல்லை. தண்ணீர் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு கட்டிவிட வேண்டும். ஐப்பசி பிறந்ததும் ஒரு முறை எடை போட்டு, பாதிக்குக் கீழே இருந்தால் முன்கூட்டியே அடுத்ததற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது வண்டி வராது.

*

கையில் தூக்கிப் பார்த்தே அரைக் கிலோ வித்தியாசம் சொல்லும் டீ மாஸ்டர்களும் கேஸ்காரர்களும் இருக்கிறார்கள். வருடக் கணக்கில் தூக்கியதால் வந்த அறிவு. அவர்களும் எடையைத்தான் பார்க்கிறார்கள்.

*

என் தீர்ப்பு: இரண்டு சிலிண்டர் இருந்தால் மாற்றிய அன்றே புக் பண்ணுங்கள், வேறொன்றும் வாங்காதீர்கள். ஒரே சிலிண்டர் என்றால் எடை மட்டும் பாருங்கள். முள் கருவியை யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஈரத்துணி அவசரத்துக்கு இருக்கட்டும்.

வீட்டுக்கு ஒரு தராசு வாங்க வேண்டியதில்லை. ஒரு காம்பவுண்டுக்கு, ஒரு வரிசை வீட்டுக்கு, ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒன்று இருந்தால் எல்லோருக்கும் ஆகும். குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். அதற்கு முன்னால், இன்றைக்கே சமையலறையில் குனிந்து, பட்டையின் உட்பக்கத்தில் இருக்கும் அந்த எண்ணைப் படித்துக் காலண்டரில் எழுதி வையுங்கள்.